ஆரினுக்கு இடுப்புப் பிடித்த சனிக்கிழமை

இந்த வருஷம் மனைவிக்குப் பயப்படாமல் மீன் பிடிக்கப் போவது என்று வெர்லின் வீரமாக முடிவெடுத்தபோது, அவனுடைய மனைவி லவான் வீட்டில் இல்லை. அவள் வீட்டில் இருக்கும்போது அவனுக்கு இந்த மாதிரி முடிவுகள் வருவதில்லை.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முடிவு பாதியாகச் சுருங்கிவிட்டது. மனைவிக்குத் தெரியாமல் மீன் பிடிக்கப் போவது. அதுவும் வீரம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

அக்டோபர் கடைசி வாரம். கரண்டி ஏரியில் தண்ணீர் குளிர்ந்து, வால்ஐ மீன்கள் குளிர்காலத்துக்கு முன்னால் கடைசியாக வயிறு முட்டத் தின்னக் கிளம்பும் நேரம். வடக்கு மினசோட்டாவில் தூண்டில் பிடிக்கத் தெரிந்த எவனும் இந்த வாரத்தில் கரையில் நிற்க மாட்டான். ஆனால் பாருங்கள், இதே வாரத்தில்தான் இன்னொரு வேலையும் வந்து தொலைக்கும். ஏரிக்கரை வீடுகள் ஒவ்வொன்றின் முன்னாலும் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு ஒரு பலகைத் துறை நிற்கும். இரும்புக் கால் ஊன்றி, மேலே பலகை போட்டது. ஏரி உறைவதற்குள் அதைக் கழற்றிக் கரையேற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பனிக்கட்டி நெருக்கி அப்பளமாக நொறுக்கிவிடும்.

போன வருஷம் நொறுக்கிவிட்டது. வெர்லின் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே மீன் பிடித்துக் கொண்டிருந்தான். ஒரு ராத்திரி ஏரி அவனைக் கேட்காமலே உறைந்துவிட்டது. லவான் கத்தவில்லை. கத்தியிருந்தால் பிழைத்திருப்பான். சமையலறையில் நின்று அமைதியாகச் சொன்னாள்.

"அடுத்த வருஷம் ஏரி உறையறப்ப துறை கரையில இல்லேன்னா, உன் படகு என் தம்பி ஹார்லன் வீட்டுக்குப் போயிடும்."

ஹார்லனிடம் ஏற்கெனவே ஒரு படகு இருந்தது. இப்போது அதில் கோழி அடைகாக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடுமையாக உறையும் என்று ரேடியோ சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது சனியும் ஞாயிறும். சனிக்கிழமை மேகமூட்டம், இளங்காற்று. வால்ஐக்கு அதைவிட நல்ல நாள் வருஷத்தில் கிடையாது. வெர்லின் கராஜுக்குள் போய், கதவைச் சாத்தி, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆரினுக்கு ஃபோன் போட்டான். ஆரின் அக்கரையில் இருப்பவன். அவனுக்கும் அதே ஏரி, அதே மாதிரி துறை, மார்லிஸ் என்று ஒரு மனைவி.

"டேய், என்னடா பண்றது?"

"சிம்பிள்டா. எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, என் துறையைக் கழற்றப் போறேன்னு உன் வீட்ல சொல்லு. உனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, உன் துறையைக் கழற்றப் போறேன்னு நான் என் வீட்ல சொல்றேன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒத்தாசைன்னா எவ தடுப்பா? நம்மளத ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து கழற்றிக்கலாம். என் படகுலயே போவோம். உன் படகு தார்ப்பாய்க்குள்ள அப்படியே கெடக்கட்டும், அதுதான் உனக்கு சாட்சி."

"உன் பொண்டாட்டியும் என் பொண்டாட்டியும் பேசிக்கிட்டா?"

"எப்படிடா பேசுவாங்க? ஜூலையிலேருந்து மூஞ்சி குடுத்துப் பேசறதில்லையே!"

அது உண்மைதான். ஒரு சாவுச் சாப்பாட்டில், சர்ச்சின் கீழறையில், லவானின் ஜெல்லி சாலட்டுக்கு முன்னால் மார்லிஸ் தன் ஜெல்லி சாலட்டை நகர்த்தி வைத்துவிட்டாள். செத்தவரை ஊர் மறந்துவிட்டது. சாலட்டை மறக்கவில்லை.

மூன்றாவது ஆள் டுவேன். அவன் பிரம்மச்சாரி. யாரிடமும் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதவன். ஆனாலும் நட்புக்காகப் பக்கத்து வீட்டு நாயிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னான்.

சனிக்கிழமை காலையில் லவான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அதுதான் வெர்லினுக்குக் கிலியைக் கிளப்பியது.

"பாவம் ஆரின். டுவேனும் கூட வர்றான்னு சொன்னியே, போய்ட்டு வா."

"நம்ம துறை..."

"நாளைக்குப் பாத்துக்கலாம். ரப்பர் கால்சட்டையை எடுத்துக்கிட்டியா? தண்ணியில இறங்கணுமே."

மார்பு வரைக்கும் வரும் அந்தக் கால்சட்டையை அவளே மடித்துக் கொடுத்தாள். அதன்மேல் துணியில் சுற்றிய ஒரு பெரிய பாத்திரத்தை வைத்தாள். சூடு கையைச் சுட்டது.

"இது என்ன?"

"ஹாட்டிஷ். கீழ கறி, மேல உருளைக்கிழங்கு. மார்லிஸ்கிட்ட குடு."

"நீங்கதான் பேசிக்கறதில்லையே!"

"வீட்ல ஒருத்தன் இடுப்பு பிடிச்சுக் கெடக்கறான். இப்பப் போயி ஜெல்லியைப் பிடிச்சுத் தொங்கிட்டிருப்பாங்களா? நானே முதல்ல இறங்கி வரேன். மார்லிஸ் என்ன பண்றான்னு பார்ப்போம். பாத்திரத்தை சாயங்காலம் மறக்காம கொண்டு வா."

பாத்திரத்தின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி 'லவான்' என்று எழுதியிருந்தது. அந்த ஊரில் எல்லாப் பாத்திரங்களுக்கும் அப்படித்தான் பெயர் இருக்கும். அவை வீடு வீடாகப் போகும், வரும். ஒன்று மட்டும் நடக்காது. ஒருத்தர் வீட்டுப் பாத்திரம் காலியாகத் திரும்பாது. உள்ளே ஏதாவது போட்டுத்தான் தருவார்கள். காலியாகத் திரும்பினால், உன் உறவே எனக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

வெர்லின் பாத்திரத்தோடு வண்டியில் ஏறினான். அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு வியர்க்க ஆரம்பித்தது. வெளியே தரையெல்லாம் வெள்ளையாக உறைபனி.

"அதைச் சாப்பிட்டுடலாம்," என்றான் டுவேன், ஆரினின் படகு கரையை விட்டு நகர்ந்ததும்.

"சாப்பிட்டா காலியாயிடும்டா! காலியாயிட்டா மார்லிஸ் ஏதாவது போட்டு அனுப்பணும்டா! மார்லிஸுக்கு இது வந்ததே தெரியாதுடா!"

"சாப்பிடலேன்னா?"

"சாப்பிடலேன்னா அப்படியே திரும்பும். இன்னும் மோசம்!"

"அப்ப சாப்பிடறதுதானே ஒரே வழி?" டுவேன் கரண்டியோடுதான் வந்திருந்தான். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். வெர்லினுக்கு ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. இருந்தாலும் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டான். லவானின் கைப்பக்குவம் அப்படி.

நீர்நாய்த் தீவுக்கு வடக்கே படகை நிறுத்தினார்கள். அது வெர்லினின் இடம். தண்ணீருக்கு அடியில் பாறைகள் குவிந்து கிடக்கும். இருபது வருஷமாக அவன் யாருக்கும் சொல்லாத இடம். இந்த இரண்டு பேருக்கும்கூட, முதல் முறை கூட்டி வந்தபோது, பைபிள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் காட்டினான். லவான் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள், "எங்க புடிச்சே?" அவன் ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில் சொல்வான். "தண்ணியிலதான்." சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வான். அவள் சிரித்ததில்லை.

தூரத்தில் போன படகுக்காரன் ஒருவன், "எப்படி?" என்று கத்தினான். அந்த நேரம் பார்த்து வாளியில் மூன்று நல்ல மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

"சுமார்தான்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவனும் நம்பவில்லை, போய்விட்டான். ஏரியில் மரியாதை என்றால் அதுதான்.

அப்போது ஃபோன் அடித்தது. லவான்.

"எடுக்காதே," என்றான் டுவேன்.

"எடுக்கலேன்னா நேர்லயே வந்துடுவாடா!" வெர்லின் எடுத்தான். "என்ன கண்ணு?"

"என்ன சத்தம் அது? தண்ணி அடிக்கற மாதிரி?"

"தண்ணிதான். துறை தண்ணியிலதானே இருக்கு!"

"அதுவும் சரிதான். ஆரின்கிட்ட குடு. இடுப்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கறேன்."

வெர்லின் ஃபோனை நீட்டிய அதே நொடியில் ஆரினின் தூண்டில் கழி வில்லாக வளைந்தது. ஆரின் ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கழியைப் பிடித்தான்.

"ஆ... ஐயோ... லவான்... இழுக்குதும்மா!"

"அடப்பாவமே! எந்தப் பக்கம் இழுக்குது?"

"இடது பக்கம்... இல்ல, இப்ப வலது பக்கம்... ஐயோ, கீழ கீழ போகுது!"

"காலுக்கு இறங்குதா? அசையாம படுத்துக்கோ ஆரின்!"

"அசைஞ்சா போயிடும்... தெரியும்... ஆ!" நூல் அறுந்தது. ஆரின் நிஜமான துக்கத்தோடு பெருமூச்சு விட்டான். "போயிடுச்சு."

"வலி போயிடுச்சா? நல்லதாப் போச்சு," என்று லவான் வைத்துவிட்டாள்.

வெர்லின் ஃபோனைத் திருப்பி வாங்கிக்கொண்டான். நம்பிவிட்டாளா? நம்பிவிட்டாள் போலத்தான் இருக்கிறது. ஆனால் லவான் நம்புகிற மாதிரி இருப்பதுதானே பயம்! ஹார்லன் வீட்டு முற்றம் கண்முன் வந்தது. தன் படகு. அதில் கோழி. அவன் உட்காரும் இடத்தில் சேவல்.

அந்த யோசனையில்தான் இருந்தான், தூண்டிலை என்னவோ பிடித்து இழுத்தபோது. முதலில் பாறையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தான். அப்புறம் பாறை நகர ஆரம்பித்தது.

அந்தக் கால்மணி நேரம் வெர்லின் எல்லாவற்றையும் மறந்தான். படகை, கோழியை, பாத்திரத்தை. மீன் ஒரு முறை மேலே வந்து புரண்டபோது ஆரின் தொப்பியைக் கழற்றிவிட்டான். டுவேனிடம் வலையைக் கேட்டால் துடுப்பை எடுத்துக் கொடுத்தான். கடைசியில் எப்படியோ வலைக்குள் வந்தது. பொன்னிறம், கண்ணாடி மாதிரி முழித்துப் பார்க்கும் பெரிய கண்கள். அளந்தார்கள். முப்பது அங்குலம். ஒரு மனுஷனுக்கு ஆயுசுக்கு ஒன்று கிடைத்தால் உண்டு.

அவ்வளவு பெரிய தாய் மீனை அந்த ஏரியில் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதற்குத்தான் எல்லோரும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது.

"சீக்கிரம் பிடி, எடுக்கறேன்!" டுவேன் ஃபோனைத் தூக்கினான்.

"எடுக்காதே!" வெர்லின் அலறினான். "போட்டோ இருந்தா அவ கண்ணுல படும்டா! துறை கழற்றப் போன இடத்துல மீன் எப்படி வந்துச்சுன்னு கேப்பா!"

"முப்பது அங்குலம்டா! யாரும் நம்ப மாட்டாங்கடா!"

"நம்ப வேண்டாம்!" வெர்லின் குனிந்தான். மீனைத் தண்ணீரில் இறக்கி, வாலைப் பிடித்து ஒரு நிமிஷம் தடவிக் கொடுத்தான். அது வாலை உதறிக்கொண்டு அவன் முகத்தில் தண்ணீரைத் தெறித்துவிட்டுப் போனது. முகத்தில் இருந்தது எல்லாமே ஏரித் தண்ணீர்தான் என்று பிறகு சாதித்தான்.

"வலையில அள்ளினது நான். பாதி மீன் என்னுது," என்றான் டுவேன்.

"துடுப்பை நீட்டின மூஞ்சிக்குப் பாதி மீனா?"

சாயங்காலம் கரையேறினதும் வேலை ஆரம்பித்தது. முதலில் ரப்பர் கால்சட்டை. அது நனையாமல் வீட்டுக்குப் போனால் வெர்லினின் குட்டு வெளிப்பட்டுவிடும். ஏரியில் முக்கி எடுத்தான். அடுத்தது பிடித்த மீன்கள். அத்தனையும் டுவேனுக்கே போயின, அவனுக்குத்தான் கேள்வி கேட்க ஆளில்லை. கடைசியில் பாத்திரம்.

"மார்லிஸ் என்ன சுடுவா?" என்று கேட்டான் வெர்லின்.

"பேரீச்சம்பழம் வச்சு ஏதோ துண்டு துண்டா சுடுவா," என்றான் ஆரின். முப்பது வருஷமாக அதைத்தான் தின்கிறான், பெயர் தெரியாது.

அந்நேரத்துக்குத் திறந்திருந்தது ஆர்டிஸின் தூண்டில் கடை ஒன்றுதான். புழு, பொடிமீன், தூண்டில் எல்லாம் ஒரு பக்கம். கல்லாவுக்குப் பக்கத்தில், ஊர்ப் பெண்கள் யாராவது சுட்டுக் கொண்டுவந்து வைக்கும் பலகாரம். கடவுள் இருக்கிறார்! பேரீச்சம்பழத் துண்டுகளே ஒரு தட்டு நிறைய இருந்தன. அத்தனையையும் வாங்கிப் பாத்திரத்தில் அடுக்கினான். கடைக்காரி ஆர்டிஸ் எதுவும் கேட்கவில்லை. இதமாகச் சிரித்தாள், அவ்வளவுதான்.

வீட்டில் லவான் காபி போட்டு வைத்திருந்தாள்.

"ஆரின் துறை கரையேறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

"கால்சட்டை வெளிய நனைஞ்சிருக்கு, சரி. உள்ளயும் சொட்டச் சொட்ட இருக்கே?"

முக்கினபோது உள்ளே தண்ணீர் போனதை அவன் யோசிக்கவே இல்லை. "ஓட்டை," என்றான்.

"அப்படியா." அவள் பாத்திரத்தைத் திறந்தாள். ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"அடடா. பிரமாதமா சுட்டிருக்கா. மனசு நெறைஞ்சு போச்சு. நாளைக்கு சர்ச்ல நானே போயி பேசிடறேன்."

பிழைத்தான்! நாளைக்கு வரும் ஆபத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். படகு தார்ப்பாய்க்குள் பத்திரமாக இருந்தது. வெர்லின் காபியை எடுத்து உறிஞ்சினான்.

"ஆர்டிஸ் ஃபோன் பண்ணினா," என்றாள் லவான், இன்னொரு துண்டை எடுத்தபடி. "டுவேன் இன்னிக்கு ஏரியில பெருசா ஒரு வால்ஐ புடிச்சானாமே? உன்கூட துறை கழற்றினதாச் சொன்னியே?"

வெர்லின் தயாராக இருந்தான். "மத்தியானமே கிளம்பிட்டான். எங்கயாவது போயிருப்பான்." தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே புல்லரித்தது.

"கடையில எல்லார்கிட்டயும் கையை இவ்வளவு அகலம் விரிச்சுக் காட்டறானாம்."

"ம்."

"ஏரியிலயே அவன் கை மாதிரி யாருக்கும் கிடையாதுன்னு பேசிக்கறாங்களாம். ஆர்டிஸ் கடைச் சுவத்துல அவன் பேரை எழுதி மாட்டப் போறாளாம்."

வெர்லின் காபியை ஒரே மடக்கில் விழுங்கினான். "ம்."

"நான்கூட நினைச்சேன், நீயும் இருபது வருஷமா போறே. ஒரு நாளாவது இந்த மாதிரி ஒண்ணு... பரவால்ல விடு. அதுக்கெல்லாம் ஒரு திறமை வேணும், இல்லையா?"

"டுவேனா!" கோப்பை மேஜையில் இடித்தது. "அந்த டுவேனா? வலையைக் கேட்டா துடுப்பை நீட்டற பயலா? முப்பது அங்குலம்! நான் புடிச்சது! இந்தக் கையால! நீர்நாய்த் தீவுக்கு வடக்க, செத்த பைன் மரத்துக்கு நேரா பாறைக் குவியல் இருக்கு, அதும்மேல, பொன் கலர் தூண்டில்ல பொடிமீனைக் கோத்து அடியில தட்டித் தட்டி... நான்! நான்தான் புடிச்சேன்!"

வெர்லின் தான் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டான். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"செத்த பைன் மரத்துக்கு நேரா," என்றாள் லவான். "பொன் கலர் தூண்டில்."

"உனக்கு... எப்பலேருந்து தெரியும்?"

"நானும் மார்லிஸும் பேச ஆரம்பிச்சு மூணு வாரமாச்சு. உன் இடுப்பு எப்படி இருக்குன்னு நேத்தே விசாரிச்சா. இந்தத் துண்டு ரெண்டு பேரும் சேர்ந்து இங்கதான் இன்னிக்கு சுட்டோம். மூணு ஆம்பளைங்க மூஞ்சி வெளுத்துப் போயி பலகாரம் தேடி வருவாங்க, எடுத்து வைன்னு ஆர்டிஸ்கிட்ட குடுத்துட்டு வந்தோம்."

"டுவேன் கடையில பீத்திக்கிட்டது?"

"டுவேன் வாயையே திறக்கல. நீங்க மூணு பேரும் எந்த வருஷம் ஒரு பெரிய மீனுக்கு அடிச்சுக்காம வந்திருக்கீங்க? நானா ஒரு கல்லு விட்டுப் பார்த்தேன்."

"படகு... ஹார்லனுக்கா?"

"எதுக்கு? ஏரி இன்னும் உறையலையே. நாளைக்கு ஒரு நாள் இருக்கு." அவள் கையை நீட்டினாள். "சாவி."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மூன்று ஆண்களும் மார்பளவு தண்ணீரில் நின்றார்கள். முதலில் ஆரினின் துறை, அப்புறம் வெர்லினின் துறை. டுவேனுக்குத் துறையே கிடையாது. ஆனாலும் கழற்றப் போனதாகச் சொன்னவர்கள் கணக்கில் அவன் பெயரும் இருந்ததால் லவான் அவனையும் இறக்கிவிட்டாள். வெர்லினின் கால்சட்டையில் இப்போது நிஜமாகவே ஓட்டை விழுந்துவிட்டது. ஆரினுக்கு நான்காவது இரும்புக் காலைப் பிடுங்கும்போது இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. "இழுக்குதுடா," என்றான். யாரும் கவனிக்கவில்லை.

ஏனென்றால் எல்லோரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாயை உரித்துப் போட்டுவிட்டு வெர்லினின் படகு நீர்நாய்த் தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே லவானும் மார்லிஸும். இருபது வருஷம் காப்பாற்றிய இடம்! வெர்லின் பல் கிட்டிக்க நின்றான். குளிரினால் மட்டும் இல்லை.

கடைசிப் பலகை கரையேறியபோது பொழுது சாய்ந்துவிட்டது. படகு திரும்பி வந்தது. கட்டுவதற்குத் துறை இல்லாததால் வெர்லினே தண்ணீரில் நின்று அதைப் பிடித்தான்.

"பாறைக் குவியல்ல எப்படி?" என்று கேட்டான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உன் பாறைக் குவியலா? ஒரு பொடிசுகூட கடிக்கல, வெர்லின். பத்து நிமிஷம் பார்த்தோம், வேற இடத்துக்குப் போயிட்டோம்."

மார்லிஸ் பக்கவாட்டில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தாள். ஒரு கையால் முடியவில்லை, இரண்டு கையாலும் இழுத்தாள். அதில் கோத்திருந்த வால்ஐகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வந்துகொண்டே இருந்தன. கரையில் ஆரின் இடுப்பை மறந்து நிமிர்ந்துவிட்டான்.

வெர்லின் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் கேட்டான்.

"லவான்... கண்ணு... எங்க புடிச்சே?"

லவான் அவன் தோளில் கை ஊன்றிக் கரையில் குதித்தாள்.

"தண்ணியிலதான்."